விதுர்ஷா கீறிய அந்தி

என் தங்கை விதுர்ஷா வென்றவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மாகாண நாடக விழாவில் சிறந்த காட்சியமைப்புக்கான பரிசு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து. மட்டக்களப்பு நகரில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு நீண்ட மதில். அதில் படம் கீறக் கொழும்பிலிருந்தும் ஆட்கள் கேட்டிருந்தார்கள், வேலை அவளுக்குக் கிடைத்தது. நுண்கலை படிக்க அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. இப்போது அதைப் படிக்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்த அவளை அழைக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் பெண் பிள்ளை ஏணியில் ஏறக் கூடாது என்று சொன்னவர்களே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடைசியாக, கீறுவதையே தொழிலாக்க எங்கள் அப்பா வினாயகமூர்த்தியின் சம்மதம். இத்தனையிலும் அதுதான் கடினமானது.

நாங்கள் கல்லடிக்காரர். கிழக்கே கடல், மேற்கே வாவி. இரண்டுக்கும் நடுவில் எங்கள் வீடு. அப்பா வாவியில் மீன் பிடித்தவர். நான் எட்டாம் வகுப்போடு நின்று தையல் பழகினேன். விதுர்ஷா எனக்குப் பதின்மூன்று வயது இளையவள். பேசத் தொடங்கும் முன்பே கரியால் சுவரில் கீறத் தொடங்கியவள்.

பதினேழு வயதில் அவளுக்கு முதல் வேலை கிடைத்தது. அம்மன் கோயிலில் மூலஸ்தானத்தின் முன்னால் தொங்கவிடும் திரைச்சீலைக்கு அம்மனின் உருவத்தைக் கீற வேண்டும். துணியை நான் தைத்தேன், படத்தை அவள் கீறினாள். கோயில் சீலையில் கீறியவரின் பெயர் போடுவதில்லை. அது சாமிக்குச் செய்வது. அவளும் கேட்கவில்லை. அதைப் பார்த்து இன்னொரு கோயிலில் கேட்டார்கள், பிறகு இன்னொன்றில். இப்படிப் பெயர் போடாமலே ஆறேழு வருடம் கீறினாள்.

பிறகு நாடகம் வந்தது. நகரில் நிதுர்ஷன் என்ற ஆசிரியர் ஒரு நாடகக் குழு வைத்திருக்கிறார். நல்ல நெறியாளர், கெட்டிக்காரர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவர் கோயில் சீலையைப் பார்த்துவிட்டு எங்கள் வீடு தேடி வந்தார். மேடையின் பின்னால் தொங்கும் பெரிய காட்சித்திரைகளை அன்றிலிருந்து விதுர்ஷாதான் கீறினாள்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. நாடகம் முடிந்ததும் நிதுர்ஷன் சேர் ஒலிவாங்கியை எடுத்து ஒவ்வொருவர் பெயராக வாசிப்பார். நடித்தவர்கள், பாடியவர்கள், மத்தளம் அடித்தவர், ஒளி அமைத்தவர் என்று எல்லோரும் முன்னால் வந்து கும்பிடுவார்கள். காட்சித்திரைக்கு வரும்போது மட்டும் “காட்சியமைப்பு, குழுவினர்” என்பார். விதுர்ஷா திரைக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கோயிலில் பெயர் வேண்டாம் என்று இருந்தவளுக்கு இது வேறு மாதிரி இருந்தது.

“கோயிலில ஆருடைய பேரும் இல்ல அக்கா, அது சரி. இஞ்ச எல்லார்ர பேரும் இரிக்கி, என்ட பேர் மட்டும் இல்ல” என்றாள் ஒரு நாள். அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அவள் மனதில் கிடந்தது அந்த ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும்.

2023ஆம் ஆண்டில் அவர்கள் ‘அந்தித் தோணி’ என்ற நாடகத்தைப் போட்டார்கள். வாவிக்கு மேற்கே உள்ள கரையைப் படுவான்கரை என்கிறோம், வயல் ஊர்கள். கிழக்கே உள்ளது எங்கள் எழுவான்கரை. படுவான்கரைப் பெண் ஒருத்தி, நகருக்குப் போன புருசன் கடைசித் தோணியில் திரும்பி வருவான் என்று அந்தி நேரத்தில் துறையில் காத்திருக்கிறாள். இருட்டப் போகிறது என்று அரிக்கன் லாம்பைக் கொளுத்தித் தூக்கிப் பிடிக்கிறாள். நாடகத்தின் உயிர் அந்த இடத்தில்தான்.

அதற்கு விதுர்ஷா கீறிய திரையைப் பார்த்தபோது, அதைத் தைத்த எனக்கே அது துணி என்பது மறந்துபோனது. பெரிய சிவப்புச் சூரியன் வாவித் தண்ணீரைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் முழுக்க அதன் நிறம். கல்லடியில் நாங்கள் தினமும் பார்க்கும் அந்தி அப்படியே துணியில் இறங்கியிருந்தது. நகரில் மூன்று முறை போட்டார்கள். மூன்று முறையும் முன்திரை விலகியதும் சனம் கை தட்டியது.

அதைக் கேள்விப்பட்டுக் கொக்கட்டிச்சோலைக்குப் பக்கத்தில் வாவியோரமாக இருக்கும் ஓர் ஊரிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஊர் இளைஞர் கழகத்துத் தலைவர் இளையதம்பி, பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு வைத்திருந்தார். நானும் போயிருந்தேன். திரை விலகியது. அங்கேயும் “ஆ” என்றார்கள். புருசனைத் தேடும் பெண் பாடிக்கொண்டே வந்தாள். லாம்பைக் கொளுத்தினாள்.

சனத்தின் நடுவிலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது.

“ஏன் கா, பொழுது விடியக்குள்ள என்னத்துக்குப் புள்ள லாம்பு கொளுத்துறா?”

பக்கத்தில் ஒருத்தி சொன்னாள்: “கண் தெரியாது போல.”

“இல்ல கா, புருசன் விடிய விடிய வரல்லயாக்கும். இனி வந்தா லாம்பால அடிக்கத்தான்.”

அவ்வளவுதான். மைதானம் முழுக்கச் சிரித்தது. மேடையில் அந்தப் பெண் அழ அழ இவர்கள் சிரித்தார்கள். அவள் பாட்டை விட்டுவிட்டு நின்றாள். பாதியிலேயே திரையை மூடினார்கள்.

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அந்தக் கரையில் வாவி கிழக்கே இருக்கிறது. அவர்களுக்கு வாவியில் சூரியன் எழும்பும், இறங்காது. சூரியன் இறங்குவது மேற்கே, வட்டை என்று சொல்லும் வயல்வெளிக்கு அங்கால். தண்ணீருக்கு மேலே சூரியனைக் கண்டால் அவர்களுக்கு அது காலை. கல்லடியில் பிறந்து வளர்ந்த விதுர்ஷா தன் வீட்டு அந்தியை அவர்களுடைய துறையில் கொண்டுபோய்த் தொங்கவிட்டிருந்தாள். நகரில் பார்த்த எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. நிதுர்ஷன் சேரும் நகரத்தவர்தான், அவருக்கும் தெரியவில்லை.

ஆனால் சிரிப்பு அடங்கியதும் அவர் ஒலிவாங்கியை எடுத்தார். “மன்னிக்கோணும். நடிச்ச ஆக்களில பிழை இல்ல. திரை கீறினது விதுர்ஷா. பிழை அவடது” என்றார்.

அவள் பெயர் ஒலிவாங்கியில் முதன்முதலாக வந்தது அன்றுதான்.

எல்லோரும் ஒரே வான் வண்டியில் திரும்பினோம். எங்கள் குழுவுக்கு விளக்கும் ஒலியும் கொண்டுவருபவர் ஏறாவூர் றிப்ஷான். அவரால் சும்மா இருக்க முடியாது.

“விது, ஒண்டுக்கும் கவலைப்படாதீங்க. உங்கட சூரியன் நல்ல சூரியன். ஊர் மாறி எழும்பிட்டுது, அவ்வளவுதான்” என்றார்.

விதுர்ஷா சிரிக்கவில்லை. அழவும் இல்லை. மண்முனைப் பாலத்தில் வான் ஏறியபோது கண்ணாடியால் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து இளையதம்பி தொலைபேசியில் அழைத்தார். சனம் சிரித்தது கேலிக்கு இல்லை, கதை நல்லாயிருந்தது, முடிவு என்னவென்று எல்லோரும் கேட்கிறார்கள், இன்னொரு தரம் வந்து போடுங்கள் என்றார். நிதுர்ஷன் சேர் ஒப்புக்கொண்டார். ஆனால் காட்சித்திரை வேண்டாம், கறுப்புத் துணி போதும் என்று முடிவு செய்தார். அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“கறுப்புத் துணி போட்டா எந்தக் கரையிலயும் பிழை வராது” என்றார்.

“சரியும் வராது சேர்” என்றாள் விதுர்ஷா. “நான் வேற திரை கீறுறன்.”

“திரும்பவும் சிரிச்சாங்கெண்டா?”

“அண்டைக்கு என்ட பேரைச் சொன்னீங்க. திரும்பவும் சிரிச்சா திரும்பவும் சொல்லுங்க. சிரிக்காட்டியும் சொல்லோணும்.”

அவர் தேநீரைக் குடித்து முடித்தார். முகம் கறுத்திருந்தது. எழும்பும்போது, “அண்டைக்கு நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது” என்றார். பிறகு, “சரி, கீறு. ரெண்டில எது நடந்தாலும் உன்ர பேரை வாசிப்பன்” என்றார்.

அந்த வாரமெல்லாம் அவள் பின்னேரம் ஆனதும் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து படுவான்கரைக்குப் போனாள். ஒரு நாள் என்னையும் ஏற்றிக்கொண்டு போனாள். துறையில் தண்ணீரைப் பார்த்து நின்றோம். சூரியன் எங்களுக்குப் பின்னால், வட்டைக்கு மேலே இறங்கிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துத் தண்ணீர், கண்டல் மரங்களின் கீழ் முதலிலேயே கறுத்துவிட்டது. ஆனால் எதிர்க்கரை, எங்கள் கரை, பொன்னாய் நின்றது. தென்னந்தலைகள், காத்தான்குடிப் பள்ளிவாசல் மினாராக்கள், தொலைபேசிக் கோபுரங்கள், ஒரு வீட்டின் யன்னல் கண்ணாடி, எல்லாம் தீப்பிடித்த மாதிரி மினுங்கின. நாங்கள் பிறந்து வளர்ந்த கரை அந்தியில் இப்படி இருக்கும் என்பது இத்தனை வயதுக்கு எனக்குத் தெரியாது.

“கீழ பாருங்க அக்கா” என்றாள்.

எங்கள் இருவரின் நிழலும் நீண்டு தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. கரையில் நின்ற மாட்டின் நிழல், வள்ளத்தைக் கட்டிய கம்பின் நிழல், எல்லாமே எதிர்க்கரையைப் பார்த்துத் தண்ணீரில் கிடந்தன.

அடுத்த நாளே நான் புதுத் துணி தைத்தேன். முன்பு மேலிருந்து கீழாகப் பட்டிகளை மூட்டியிருந்தேன். அப்படித் தைத்தால் மூட்டுகள் தண்ணீரைக் குறுக்கே வெட்டும். இம்முறை கிடையாக மூட்டினேன், தையல்கள் அலைக் கோடுகளோடு மறைந்துபோக. அவள் அதில் சூரியனே இல்லாத அந்தியைக் கீறினாள். மேலே பொன்னான எதிர்க்கரை, நடுவில் வெளிறிய நீர், கீழே இருட்டு. அவ்வளவுதான்.

பிறகு றிப்ஷானைக் கூப்பிட்டாள். அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் அழைப்பாள். “நானா, உங்கட பெரிய மஞ்சள் விளக்கை மேடையில வைக்க வேணாம். சனத்துக்குப் பின்னால வைங்க. இறங்கின சூரியன் மாதிரிப் பதிவா வைங்க.”

“பதிவா வெச்சா சனத்திட தலையெல்லாம் திரையில விழுமே?”

“விழட்டும்.”

“கெழவன்மார்ர தலைப்பாவும் விழும்.”

“அதுவும் விழட்டும் நானா.”

றிப்ஷான் தலையில் கை வைத்தார். பிறகு, “அல்லாஹ்வே, இந்தப் புள்ள சனத்தையும் சேத்து நடிக்க வைக்கப் போகுது” என்றார். விளக்கை மெல்ல இறக்கும்படி ஒரு தாங்கியும் செய்துகொண்டு வந்தார். விளக்கு இறங்க இறங்க நிழல் நீளும், பிறகு ஒளி மங்கும்.

நிதுர்ஷன் சேருக்கு நம்பிக்கை இல்லை. நடிகைக்குப் பயம், திரும்பவும் சிரித்தால் இனி மேடைக்கே வரமாட்டேன் என்றாள். அப்பா கூடச் சொன்னார், “ஒருக்கா அவமானப்பட்டது காணும் மகள், கறுப்புத் துணியோட விடு” என்று. விதுர்ஷா திரையைச் சுருட்டிக் கட்டினாள்.

நாடகத்தைத் திரும்பப் போட்ட அன்று மைதானத்தில் முதல் தடவையைவிட இரண்டு மடங்கு சனம். சிரிக்கவென்றே பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். முன்பு லாம்பைப் பற்றிக் கேட்ட பெண் முன்வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள். பெயர் சின்னத்தங்கம் என்று இளையதம்பி காட்டினார். “அவடதான் வாய். அவ சிரிக்கல்லெண்டா ஊரே சிரிக்காது.”

திரை விலகியது. றிப்ஷானின் விளக்கு பின்னாலிருந்து எரிந்தது. மைதானத்தில் இருந்த எல்லோரின் தலையும் தோளும் நிழலாகிக் கறுத்த கரையோரத்தில் வரிசையாக நின்றன. யாருடைய நிழல் எது என்று சனம் தலையை ஆட்டிப் பார்த்தது. சின்னத்தங்கம் கையைத் தூக்கினாள். திரையில் ஒரு கை தண்ணீருக்குள் நீண்டது.

“என்னடி கா இது, நாம துறையில நிக்கிறம்!” என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பாடிக்கொண்டு வந்தாள். அவள் நிழல் எல்லோரின் நிழலுக்கும் முன்னால் விழுந்து எதிர்க்கரை வரை நீண்டது. விளக்கு இறங்கியது. பொன் மங்கியது. அவள் லாம்பைக் கொளுத்தினாள். பின்னால் யாரோ ஒருவர், “தோணி வருகுதா எண்டு பாருங்கடா” என்று உண்மையாகவே முணுமுணுத்தார்.

நாடகம் முடிந்து நிதுர்ஷன் சேர் ஒலிவாங்கியை எடுத்தார். நடித்தவர்கள், பாடியவர்கள், மத்தளம், ஒளி என்று வரிசையாக வாசித்தார். அடுத்தது திரை. “காட்சியமைப்பு, விதுர்ஷா வினாயகமூர்த்தி” என்றார்.

அவள் வெளியே வரவில்லை. கயிற்றைப் பிடித்தபடியே நின்றாள்.

“ஆர் அந்தப் புள்ள?” என்று சின்னத்தங்கம் கத்தினாள். “முன்னால வரச் சொல்லுங்க. அண்டைக்குச் சிரிச்ச ஆக்கள் நாங்க, முகத்தப் பாக்க வேணாமா?”

நான்தான் கயிற்றை வாங்கிக்கொண்டு அவளைத் தள்ளிவிட்டேன். கை தட்டல் ஓயும் வரை தலை குனிந்து நின்றாள். பிறகு திரும்பினாள். மேடையோரத்தில் வண்ணப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஒரு தூரிகையை எடுத்துப் பொன்னிறத்தில் தோய்த்துத் திரையின் கீழ்மூலையில், இருட்டான கரையில், குந்தியிருந்து எழுதினாள். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, எழுத்துக்கள் ஒன்றோடொன்று முட்டாமல், அவசரப்படாமல் எழுதினாள். நான் கிட்டப் போய் வாசித்தேன்.

விதுர்ஷா வினாயகமூர்த்தி, 12.08.2023.