எட்டாவது கேசட்டின் இரண்டாம் பக்கம்

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். மேகம் ஒன்றுகூட இல்லை. அனல் காற்று.

திருச்சுழியிலிருந்து பஸ் ஏறி அருப்புக்கோட்டைக்கு வருவது அது மூன்றாம் நாள். கல்யாண வீடியோ எடுக்கும் கடை. அதை நடத்துகிற அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். பழைய டேப் ரிக்கார்டரிலிருந்து ஒரு வயர் கம்ப்யூட்டருக்குப் போகும். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும். வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். கேசட்டுகள் மொத்தம் ஒன்பது.

ஆறு வருடம் நான் சவுதியில் ஸ்டோர் கீப்பராக இருந்தேன். கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவோம். மனைவி கேட்டுவிட்டு அதன்மேலேயே பேசித் திருப்பி அனுப்புவாள். நான் கேட்டுவிட்டு அவள் பேச்சின்மேல் பேசுவேன். புதுக் கேசட் வாங்குவது தண்டம் என்பது என் கணக்கு. நான் ஊர் திரும்பியபோது ஒன்பதும் அவள் பெட்டியில் இருந்தன. ஒன்பதிலும் கடைசியாகப் பேசியவன் நான்.

அவள் போய் இருபத்தாறு வருடம் ஆகிறது. ஏழு போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. எங்கேயாவது ஓரத்தில் ஒரு வார்த்தை மிஞ்சியிருக்காதா என்றுதான் வந்தேன்.

முதல் ஏழு கேசட்டிலும் என் குரல்தான். அரிசி விலை, ஓட்டுக்கூரைச் செலவு, ஏன் பதில் வரவில்லை என்ற சிடுசிடுப்பு. பக்கத்துக்கு முப்பது நிமிடம், ஒரு நொடி மிச்சம் வைக்காமல் பேசியிருக்கிறேன். திரையில் குரலுக்கேற்பப் பச்சைக்கோடு நெளிந்துகொண்டே போனது. மின்விசிறிக் காற்றில் கண் சொருகியது. யாரோ ஒரு கடுகடுப்பான இளைஞன் வேறொரு வீட்டில் பேசுவதுபோல் இருந்தது.

எட்டாவதின் இரண்டாம் பக்கத்தில் அந்த இளைஞன் அவளை வைதான். போன தடவை கடைசியில் ஏன் வெறும் இரைச்சலை அனுப்பினாய், டேப்பை வீணாக்காதே என்றான். பிறகு இருமினான். காய்ச்சல் என்று சொல்லி, பதினேழாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டான்.

ஒரு சிறு சத்தம். அடுத்து அவள்.

"...அம்புட்டுத்தான் சேதி. டேப்பு மிச்சம் கெடக்கு. சும்மா நிறுத்துனா காசு போச்சுன்னு வைவீக. இங்க மழ பேயுது. சன்னல்கிட்ட வைக்கிறேன், கேட்டுக்கிட்டே படுங்க."

அவ்வளவுதான். பதினைந்து நொடி இருக்கும். அதற்குப் பிறகு ஒரே சீராக ஓர் ஓசை. கோடு தடித்து, மேடுபள்ளம் இல்லாமல், திரை முழுக்கப் பச்சையாக நின்றது.

கடைக்கார அம்மாள் மௌஸைப் பிடித்தார்.

"ஐயா, இனி இரைச்சல்தான். அத எடுத்துவிட்டா அவுக பேச்சு மட்டும் சுத்தமா நிக்கும்."

"இரைச்சல் இல்லம்மா. மழ."

அவர் கையை எடுத்துக்கொண்டார். சற்றுப் பொறுத்து எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார்.

தகரத்தில் விழும் மழை. தூரத்தில் ஒரு ஆடு. இடையில் அவள் ஒருமுறை தும்மினாள். பாலைவனத்தில் கிடந்தவனுக்கு அவள் அனுப்பியதை, நாற்பது வருடம் தள்ளி, சட்டை முதுகில் ஒட்ட ஒட்டக் கேட்டேன். நேரம் பார்க்கவில்லை. கடை அம்மாள்தான் சொன்னார், பன்னிரண்டே முக்கால் நிமிடம் என்று.

ஒன்பது கேசட், ஒரு பென் டிரைவ், மூன்று நாள் பஸ், மூன்று டீ: ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.