யோகேஸ்வரனின் வயிறும் ஹட்டன் பஸ்ஸும்

கொட்டகலை தாண்டியதும் யோகேஸ்வரனின் கண்கள் ரோட்டோரத்தைத் துழாவத் தொடங்கிவிடும். அந்த வளைவுக்கப்பால் புதர் உண்டா, சந்தியில் கடை திறந்திருக்குமா என்று. ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குத் தனியார் பஸ் ஓட்டுபவர் அவர். வழியில் கழிப்பறை கிடைக்காது என்று நினைத்தாலே உள்ளங்கை வேர்க்கும்.

முன்பெல்லாம் பாட்டுப் போட்டுக்கொண்டு, ஏறுகிறவர்களிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டு ஓட்டிய ஆள்தான். ஒரு மழைக்காலத்தில் வயிற்றோட்டம் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். அன்டிபயோடிக் கொடுத்தார்கள். ஓட்டம் நின்றது, வயிறு அடங்கவில்லை. ஒரு நாள் கலக்கும், மறுநாள் கல்லாகக் கட்டிக்கொள்ளும். கூடவே காரணமில்லாத ஒரு பதைப்பும் ஒட்டிக்கொண்டது. பிரேக் பிடிக்காமல் போய்விடுமோ என்று நிறுத்தத்துக்கு நிறுத்தம் இறங்கிப் பார்த்தார். கண்டக்டர் நிரஞ்சன் வாய் திறந்தாலே எரிந்து விழுந்தார். மனைவி சுதர்ஷினி கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டிவிட்டாள். பிறகு அவளே கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

"குடலுக்குள்ள கோடிக்கணக்கான கிருமிங்க வாழுது. நமக்கு வேண்டியதும் அதுல நெறைய இருக்கு" என்றார் டொக்டர். "நோயும் மருந்தும் அந்தக் கூட்டத்தைக் கலைச்சிருக்கலாம். குடலும் மூளையும் நரம்பு வழியா பேசிக்கிட்டே இருக்கு. அங்க கலங்குனா மனசும் பதறும். மனசு பதறுனா வயிறு இன்னும் கலங்கும்."

"அப்ப என் கோவமும் அந்தக் கிருமி பண்றதாங்க?"

"எவ்வளவு தூரம்னு இன்னும் ஆராய்ஞ்சுகிட்டுத்தான் இருக்காங்க. எல்லாத்தையும் அது தலையில போட முடியாது."

கொடுத்த மாத்திரை மனப்பதட்டத்துக்கும் கொடுப்பது என்று கேட்டதும் யோகேஸ்வரனின் முகம் கறுத்தது. "எனக்கென்ன பைத்தியமா?" என்று அதை அலுமாரிக்குள் தள்ளினார்.

அடுத்த வாரம் தலவாக்கலைக்குச் சற்று முன்னே மரம் விழுந்து வாகனங்கள் நின்றன. பஸ்ஸில் நிற்க இடமில்லை. வயிறு முறுக்கியது. நிரஞ்சனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி, ரோட்டுக்குக் கீழே தெரிந்த வீட்டுக் கதவைத் தட்டினார். ரபீக்கா என்ற பெண் எட்டிப் பார்த்தாள். அவர் சொல்லி முடிக்குமுன், "பின்னால இருக்கு, போங்க" என்றாள்.

திரும்பியபோது மரத்தை அகற்றியிருந்தார்கள். பின்னால் ஹோர்ன் சத்தம். "டிரைவரு எங்கய்யா போனாரு?" என்று யாரோ கத்தினார்கள். யோகேஸ்வரன் ஆசனத்தில் ஏறாமல் படியிலேயே நின்றார்.

"எனக்கு வயித்துல நோய் இருக்குங்க. வழியில நிப்பாட்ட வேண்டி வரும். பொறுக்க முடியாதவங்க வேற பஸ்ஸுல போங்க."

ஒருவர் முணுமுணுத்தபடி இறங்கிப் போனார். முன் சீட்டில் இருந்த சுலக்ஷனா டீச்சர் மெல்லச் சொன்னாள்: "எனக்கும் அதுதாங்கண்ணே. பயந்துகிட்டு காலையில ஒண்ணுமே சாப்பிடாமத்தான் வர்றேன்."

அவர் அவளைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு வண்டியை எடுத்தார்.

அன்றைக்கே அந்த மாத்திரையைப் போட்டார். வெறும் வயிற்றில் பால் சேர்க்காத சாயத் தேநீர் குடிப்பதை விட்டார், தயிர் சேர்த்துக்கொண்டார். மாதங்கள் போனதில் கலக்கம் குறைந்தது. ஆனாலும் சில காலைகளில் காரணமில்லாமல் நெஞ்சு படபடக்கும். அப்போது நிரஞ்சனிடம், "இன்னைக்கு எனக்குக் கொஞ்சம் சரியில்லடா, கோவிச்சா மனசுல வைக்காத" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறார்.