திறக்காத ஃபைல்கள்

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் நெட்வொர்க் பார்க்கும் ஹஃப்சா எதையும் அழிக்கமாட்டாள். கேட் ரவுட்டர் நின்றுபோய் லாரிகள் உள்ளே வர முடியாமல் தேங்கும் ஒவ்வொரு முறையும், ஏன் நின்றது என்று அதுவே எழுதிவைக்கும் கிராஷ் ஃபைலைத் தேதி போட்டு சர்வரில் சேர்த்துவிடுவாள். திறந்து பார்த்ததில்லை. வெளியே லாரிகள் ஹாரன் அடித்துக் கத்தும்போது எவன் படிப்பான்?

ஒருநாள் ரவுட்டர் எரிந்தே போனது. வயரிங் கோளாறு என்று எலக்ட்ரீஷியன் பீம்ராவை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அப்புறம்தான் ஃபைல்களைத் திறந்தாள். முதல் ஃபைலிலிருந்தே ஒரே காரணம்: உள்ளே ஃபேன் சுற்றவில்லை, சூடு ஏறுகிறது.

மேனேஜரிடம் காட்டினாள். "வேற ஆள் போட்டாச்சும்மா" என்றார்.

வியாசர்பாடியில் பீம்ராவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை.

"இம்மாம் பத்திரமா வச்சிகினு இருந்தியே, ஒரு தபா தொறந்து பாத்திருக்கக் கூடாதாம்மா?"