புரசு பூத்த ஞாயிறும் என் விண்ணப்பமும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு மடக்கு முக்காலியும் தண்ணீர் பாட்டிலுமாகக் கிளம்புகிறவனை ஹைதராபாத் ஏ.எஸ்.ராவ் நகரில் யாரும் ஓவியன் என்று நினைப்பதில்லை. நான் மீன் பிடிக்கப் போகிறேன் என்றே எதிர்வீட்டுக்காரர் ஒன்றரை வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். படங்களைக் காட்டிய பிறகு, மீனே பிடித்திருக்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

நாங்கள் மூன்று பேர். மின்னணுத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் முப்பத்தாறு வருஷம் கையெழுத்துப் போட்டு ஓய்வுபெற்ற நான். ரயில்வே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு அம்மாள். கொள்ளுத்தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்த குடும்பம், எங்களுக்கு அவர் சிஸ்டர். மூன்றாவது ஆள் கோயம்புத்தூர்க்காரர், ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். வாரம் முழுவதும் திரையைப் பார்க்கிற கண்ணுக்கு மருந்து என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்.

சைனிக்புரிப் பக்கம் ஒரு காலனிப் பூங்காதான் எங்கள் இடம். யானை உட்கார்ந்த மாதிரி நாலைந்து பாறைகள், நடுவே ஒரு புரசு மரம். இங்கே அதை மோதுகு என்பார்கள். வருஷத்தில் பதினோரு மாதம் அந்த மரத்தை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஹோலிக்குச் சற்று முன்னால் இலையெல்லாம் உதிர்ந்து, கிளை முழுக்க ஆரஞ்சுப் பூவாகிவிடும். இரண்டு வாரம், மிஞ்சினால் மூன்று வாரம்.

அந்த மரம்தான் சிஸ்டரின் கணக்கில் பாக்கி. முதல் வருஷம் முழங்கால் ஆபரேஷன். போன வருஷம் வரைந்தார். ஈரம் காய்வதற்குள் இரண்டாவது வண்ணத்தைப் பூசி, பூவெல்லாம் தக்காளித் தொக்காகிவிட்டது. இந்த வருஷம் புதன்கிழமை மெல்போர்னுக்கு விமானம், மகன் வீட்டில் ஆறு மாதம். ஆகவே இந்த ஞாயிறு ஒன்றுதான்.

இந்த நிலைமையில்தான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன்.

இரண்டு வருஷமாக எந்த எழுத்துமூலமான அனுமதியும் இல்லாமல் அந்தப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது. நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? பத்து நாளுக்கு முன் காலனி நலச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். மூன்று பிரதி, இணைப்பாக வரைபடம். அதோடு நிற்காமல் மூன்று உறுதிமொழிகளும் கொடுத்தேன். வண்ணம் கலந்த நீரை மரத்தடியில் ஊற்ற மாட்டோம். முக்காலிகளால் புல்லுக்குச் சேதம் வராது. குடியிருப்போரின் முகங்களை அவர்கள் சம்மதமின்றி வரைய மாட்டோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு என் பிரதி திரும்பி வந்த அன்று நன்றாகத் தூங்கினேன்.

அந்த ஞாயிறு பூங்காக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தது. வண்ண நீரால் மரங்களுக்கு ஏற்படக்கூடிய பாதிப்பு, புல்தரையின் சேதம், குடியிருப்போரின் அந்தரங்கம் ஆகியவை பற்றி விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கப்படும் வரை பூங்காவில் ஓவியம் வரைவது நிறுத்திவைக்கப்படுகிறது.

வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். போன வாரம்கூட எங்களோடு டீ குடித்தவர். "ஆப் கா ஹீ லெட்டர் ஹை, சாப்," என்றார். உங்கள் கடிதம்தான், வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அதன் பொருள்.

சிஸ்டர் அறிவிப்பை இரண்டு தடவை படித்தார். பிறகு கம்பி வழியாக மரத்தைப் பார்த்தார். உச்சிவரை பூத்திருந்தது.

"இன்னா அண்ணா இது? யாரு உங்கள கேட்டா? கைக்கு லெட்டர் போட்டீங்க?" சிஸ்டரின் தமிழில் ஊர் உருது கலந்திருக்கும்; கைக்கு என்றால் எதற்கு.

"கேக்காம செய்யறது முறை இல்லையேம்மா."

"ஊசி போடறப்போகூட நான் இவ்ளோ பேப்பர் பாத்தது இல்ல."

கோயம்புத்தூர்க்காரர் நிதானமானவர். "ஏனுங்க சார், அந்தத் தண்ணிய ஊத்த மாட்டோம்னு நாமளே எழுதாம இருந்திருந்தா, அவிங்களுக்கு அது தோணியிருக்குமுங்களா?" என்று மட்டும் கேட்டார். தணிக்கை அதிகாரிகள்கூட என்னை இவ்வளவு மரியாதையாகக் குத்தியதில்லை.

சங்கச் செயலாளர் வீடு பூங்காவுக்கு எதிரிலேயே இருந்தது. ஓய்வுபெற்ற கர்னல். வெலிங்டனில் சில வருஷம் இருந்தவர் என்பதால் தமிழ் பேசுவார். ரோஜாச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

"நான் எல்லா சண்டேவும் பாக்கறேன் உங்களை. நல்லா வரையறீங்க," என்றார். "ஆனா லெட்டர் வந்தாச்சு. லெட்டர் வந்தா ரிப்ளை வேணும். ரிப்ளைக்கு மீட்டிங் வேணும். மீட்டிங் அடுத்த மாசம்."

"புதன்கிழமை எனக்கு ஃப்ளைட் சாப். பூவும் அடுத்த மாசம் வரைக்கும் நிக்காது," என்றார் சிஸ்டர்.

கர்னல் உண்மையிலேயே வருத்தப்பட்டார். "நான் இன்னா செய்றது மேடம்? ஃபைல் ஓபன் ஆயிருச்சு."

அந்த வாக்கியம் என்னை எழுப்பியது. திறந்த ஃபைலை மூடத் தெரியாமலா முப்பத்தாறு வருஷம் சம்பளம் வாங்கினேன்? அறிவிப்பு என்ன சொல்கிறது? விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்கும் வரை. விண்ணப்பமே இல்லாவிட்டால் முடிவு எதன் மீது? கையில் வேறு காகிதம் இல்லை. நல்ல கனமான வாட்டர்கலர் தாள் ஒன்றைக் கிழித்து, கர்னல் வீட்டு மதில்மேல் வைத்து எழுதினேன்: மேற்படி விண்ணப்பத்தை இதன்மூலம் நிபந்தனையின்றித் திரும்பப் பெறுகிறேன், அதன் தொடர்பான எல்லா நடவடிக்கைகளையும் முடித்துக்கொள்ள வேண்டுகிறேன். தேதி, கையெழுத்து.

கர்னல் மூக்குக் கண்ணாடி போட்டுப் படித்தார். தாளைத் தடவிப் பார்த்தார். உள்ளே போய் ஒரு பதிவேட்டில் எண் போட்டுவிட்டு வந்தார்.

"வித்ட்ரான். ஃபைல் க்ளோஸ்ட்," என்றார். எங்களோடு தெருவைக் கடந்துவந்து அறிவிப்பைத் தன் கையாலேயே கிழித்தார். "முன்னாடி எப்படியோ, இப்பவும் அப்படியே."

எனக்குள் இருந்த தரக்கட்டுப்பாடு சும்மா இருக்கவில்லை. "அப்போ சார், இதை ரெண்டு வரியில எழுத்து மூலமா..."

"நக்கோ, வேணாம்!" சிஸ்டர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "வாயத் தெறக்காதீங்க அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும். வெயில் ஏறுது."

மணி ஏழரை. நிழல் மாறிவிட்டது, பாறையின் இடது பக்கம் ஏற்கெனவே வெளுத்துக்கொண்டிருந்தது. சிஸ்டர் பென்சிலைத் தொடவே இல்லை. நேராகத் தூரிகையை எடுத்தார். முதலில் வெளிர் ஆரஞ்சு, அங்கங்கே வெள்ளையாக விட்டு. பிறகு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, கைகளை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். போன வருஷம் செய்யாதது அதைத்தான். ஹைதராபாத் காற்றில் தாள் ஐந்து நிமிஷத்தில் காய்ந்துவிடும். அந்த ஐந்து நிமிஷம் அவருக்கு எப்படிப் போனது என்பது உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த விதத்தில் தெரிந்தது. கோயம்புத்தூர்க்காரர் தன் படத்தை விட்டுவிட்டு அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

காய்ந்ததும் அடர்ந்த சிவப்பு, கறுத்த கிளைகள். தேன் குடிக்க வந்த மைனாக்கள் மூன்று. அதில் ஒன்று கொஞ்சம் பரவிக் காக்கையாகிவிட்டது.

"அது மைனாதான், ஹவ்?" ஆமாம்தானே என்று எங்கள் இருவரையும் மிரட்டும் தொனியில் கேட்டார்.

"மைனாவேதானுங்க அக்கா," என்றார் கோயம்புத்தூர்க்காரர்.

தொக்கு இல்லை, பூ பூவாக இருந்தது. நான் சான்றிதழ் தர வாயெடுத்து, காலையில் பட்டதை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

ஆனால் படத்தில் கிளைகள் இன்னும் ஈரம். வழக்கம்போல் ஆட்டோவில் போக முடியாது என்று சிஸ்டர் அறிவித்தார். கோயம்புத்தூர்க்காரரின் காரில் முன் இருக்கையில் ஏறி, படத்தை மடியில் தட்டையாக ஏந்தி உட்கார்ந்தார். ஏ.சி. கூடாது, சட்டென்று பிரேக் போடக் கூடாது, ஸ்பீட் பிரேக்கரில் முன்கூட்டியே சொல்ல வேண்டும். செகந்திராபாத் வரை மாட்டுவண்டி வேகத்தில் போனோம். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"அடிக்கட்டும்," என்றார் சிஸ்டர், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "நீ மெதுவாவே போப்பா."