மாட்டுக்குத் தீவனம் போடுவீங்களா?

பிசிஷியன் அசிஸ்டென்ட் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் அப்பா கோபப்படவில்லை, சிரித்தார். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கூடவே இருந்து நோயாளியை விசாரிப்பது, சோதித்துப் பார்ப்பது, ஆபரேஷனில் கைகொடுப்பது என்று நான் விளக்கி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "கோழி அறுக்கறதப் பாத்தே மயங்கி உழுகற புள்ள, ஆளை அறுக்கற எடத்துல போயி என்ன கண்ணு பண்ணுவே?" என்றார்.

கோழிக் கதை உண்மைதான். ஊர் நோம்பித் திருவிழாவுக்குச் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்த வாசலில், எல்லோரும் பார்க்க, நான் சாய்ந்தேன். அதன்பிறகு எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் அதை ஞாபகப்படுத்தாமல் விடமாட்டார்கள். கடைசியில் அப்பா ஒரு நிபந்தனை வைத்தார். அடுத்த அட்மிஷன் வரைக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டும். விழாமல் நின்றுவிட்டால் விண்ணப்பம் போடலாம். விழுந்தால் பி.காம்., அதுவும் வீட்டுக்குப் பக்கத்தில் தாராபுரத்திலேயே.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வார்டு உதவிக்குச் சேர்ந்தேன். தங்குவதற்குக் காந்திபுரத்தில் ஹாஸ்டல். பிரஷர் பார்ப்பது, காய்ச்சல் பார்ப்பது, டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வரும்போது பின்னாலேயே போவது, இதெல்லாம்தான் வேலை.

டாக்டரம்மா சென்னைக்காரர், கெட்டிக்கார சர்ஜன். கேட்டதற்கு என்ன பதில் வருகிறதோ அதை அப்படியே நம்புவார். எங்கள் பக்கத்து ஆட்களிடம் அது செல்லாது. "வலி இருக்கா?" என்று அவர் கேட்டதும், அதுவரை நெளிந்துகொண்டிருந்த ஆள்கூட நேராகப் படுத்து, "இல்லீங்க, உங்க புண்ணியத்துல நல்லாருக்கறனுங்க" என்பார். டாக்டரம்மா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொள்வார். வலிக்கிறது என்று சொன்னால் அவர் செய்த வைத்தியத்தைக் குறை சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். இந்த மரியாதையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கும் எனக்கு.

நான் மட்டும் என்ன வாழ்ந்தது? முதல் வாரத்திலேயே, புண் கழுவிக் கட்டுகிற அறையில் எனக்குக் கண் இருட்டியது. "என்னாச்சு, மூஞ்சியெல்லாம் வெளுத்துப்போச்சு?" என்று நர்ஸ் அக்கா கேட்டார். "ஒண்ணுமில்லீங்க்கா" என்றேன். சுவரைப் பிடித்தபடி வெளியே வந்து, கழிப்பறையில் கவிழ்த்து வைத்திருந்த வாளிமேல் உட்கார்ந்தேன். அதன்பிறகு அந்த வாளிக்கும் எனக்கும் நல்ல பழக்கமாகிவிட்டது. யாரிடமாவது சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயம். தினமும் சாயங்காலம் அப்பா போன் செய்வார். "இன்னைக்கு உழுந்தயா கண்ணு?" என்பார். "இல்லீங்கப்பா" என்பேன். பொய் இல்லையே. வாளியைப் பற்றி அவர் கேட்கவில்லை.

அட்மிஷன் நெருங்கிய சமயத்தில், அப்பா வயது விவசாயி ஒருவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தார். காலை ரவுண்ட்ஸில் டாக்டரம்மா வழக்கம்போலக் கேட்டார். அவரும் வழக்கம்போல நல்லாயிருக்கிறேன் என்றார். பக்கத்தில் நின்ற மனைவியும் தலையாட்டினார். காய்ச்சலும் இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா போய்விட்டார்.

சாமான்களைப் பையில் எடுத்துவைக்க நான் உதவிக்கொண்டிருந்தேன். அவர் கட்டிலைவிட்டு இறங்கிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பாதி வளைந்தே நின்றார். வலிக்கிறதா என்று கேட்டால் என்ன வரும் என்று தெரியும். அதனால் அதைக் கேட்கவில்லை.

"ஏனுங்க, ஊட்டுக்குப் போனதும் நீங்கதான் மாட்டுக்குத் தீவனம் போடுவீங்களா?"

"அதெப்படீங்கம்மணி முடியும்? நிமுந்து நிக்கவே முடியல. ராத்திரியெல்லாம் குளுரு வேறங்க."

"குளுருங்களா?"

மனைவி தயங்கிக்கொண்டே சொன்னார். "பையில காச்ச மாத்திரை கெடந்துச்சுங்க. நாந்தான் குடுத்தேன். காலைல டாக்டரம்மா வர்றப்ப ஒடம்பு சுட்டுதுன்னா, இத்தன பாடுபட்டவங்களுக்கு மனசு கஷ்டமாயிருமில்லீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. "இதையெல்லாமா மறைப்பீங்க? சொன்னாத்தானுங்க அவங்களுக்குத் தெரியும்!" என்று இரண்டு பேரையும் பொரிந்து தள்ளிவிட்டு டாக்டரம்மாவைத் தேடி ஓடினேன்.

அவர் திரும்பி வந்து கட்டைப் பிரித்தார். தையலைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருந்தது. புண் கட்டும் அறைக்குக் கொண்டுபோய் மரத்துப்போக ஊசி போட்டு, தையலைக் கொஞ்சம் பிரித்ததும் சீழ் வந்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். அந்த வாடை மூக்கில் ஏறியதும் காது அடைத்தது. வாளி ரொம்ப தூரத்தில் இருந்தது.

"ஏம்மா, உனக்கு முடியலையா?" என்றார் டாக்டரம்மா.

ஒண்ணுமில்லீங்க என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். படுத்திருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சற்றுமுன் என்னிடம் திட்டு வாங்கியவர். அவர் முன்னால் எனக்கு அந்த வார்த்தை வரவில்லை.

"தலை சுத்துதுங்க டாக்டர். உட்காரணும்."

வேலையும் போயிற்று, படிப்பும் போயிற்று என்றுதான் நினைத்தேன். டாக்டரம்மா புண்ணிலிருந்து கண்ணைக்கூட எடுக்கவில்லை. "தட்டை நர்ஸ்கிட்ட குடுத்துட்டு அந்த ஸ்டூல்ல உட்காரு. தலையைக் குனிஞ்சுக்கோ" என்றார். அவ்வளவுதான். படுத்திருந்தவர் வேறு, "மெதுவா வாங்கம்மணி, நான் எங்கயும் போயற மாட்டேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. எழுந்துபோய்த் தட்டை வாங்கிக்கொண்டேன். கட்டுப் போட்டு முடிக்கும்வரை நின்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, நிம்மதியில். இந்த ஸ்டூல் இத்தனை மாதமும் அங்கேதான் கிடந்திருக்கிறது. நான்தான் வாளியைத் தேடிப் போயிருக்கிறேன்.

சாயங்காலம் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தபோது அப்பாவின் போன். "இன்னைக்கு உழுந்தயா கண்ணு?"

"உழுகலீங்கப்பா. ஆனா தலை சுத்துச்சு. சொல்லிப்போட்டு உக்காந்தேன். அப்பறம் எந்திரிச்சு நின்னுட்டேன். முன்னாடியும் சுத்தியிருக்குதுங்க, உங்ககிட்டச் சொல்லல."

சொல்லி முடித்ததும் பி.காம். கண்முன் வந்து நின்றது. பேச்சை மாற்ற அவருடைய பழைய மூட்டுவலி ஞாபகம் வந்தது; "உங்க முழங்கால் எப்படீங்கப்பா இருக்குது?" என்றேன்.

"அதுக்கென்ன, ஒண்ணுமில்ல."

"காலைல தோப்புக்கு நடந்துதான் போனீங்களா?"

"எங்க கண்ணு, வரப்புல காலே ஊன முடியறதில்ல. இப்பெல்லாம் மொபெட்டுலதான்..." என்று ஆரம்பித்தவர் சட்டென்று நிறுத்தினார். மாட்டிக்கொண்டது அவருக்கே தெரிந்துவிட்டது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இந்தத் தடவை எனக்குக் கோபம் வரவில்லை.

"உங்கம்மாகிட்டக்கூடச் சொல்லல" என்றார். சிரிப்பு அடங்கியதும், "அந்த அப்ளிகேசன் எப்பக் கண்ணு போடோணும்?" என்று கேட்டார்.