பாட்டனில் ஒரு பட்டறை

போன மாதம் அண்ணனை நேபாளத்துக்கு அழைத்துப் போனேன். பயணக் கட்டுரையோ என்று பயப்பட வேண்டாம்... இது அண்ணனைப் பற்றியது. ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அதுதான் அவருக்கு முதல் வெளிநாடு.

காட்மாண்டு பக்கத்தில் நேவார் மக்களின் பழைய நகரம், பேர் பாட்டன் என்றேன்.

"யாரோட பாட்டன்?" என்றார்.

செங்கல் பதித்த சதுக்கம், அடுக்குக் கூரையோடு கோயில்கள், மரத்தில் பூவேலை செய்த ஜன்னல்கள்... போட்டோ எடுத்துக்கொண்டே இருந்தேன். திரும்பினால் அண்ணனைக் காணோம். அவர் போன் அங்கே வேலை செய்யாது. பாஷையும் தெரியாது. அறுபத்திரண்டு வயது மனிதரை எங்கே போய்த் தேடுவது?

சந்து சந்தாக அலைந்தேன். அரை மணி நேரம் கழித்து, சுத்தியல் சத்தம் கேட்ட ஒரு முற்றத்தில் கிடைத்தார். சிற்பி ஒருவர் — அண்ணன் வயதுதான் இருக்கும் — செம்பில் வார்த்த தேவி சிலைக்கு உளியால் நகை செதுக்கிக்கொண்டிருந்தார். எதிரே சம்மணம் போட்டு அண்ணன்.

திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் சிற்பி உளியைக் கீழே வைத்துவிட்டு அண்ணனின் இடது கையைப் பிடித்தார். அதில் இரண்டு விரல்கள் பாதிதான் இருக்கும். முப்பது வருஷமாக அப்படித்தான். என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

அண்ணன் வலது கையை மேலிருந்து கீழே இறக்கிக் காட்டினார். "பிரஸ்ஸு மெஷினு."

சிற்பி தலையாட்டினார். சட்டைக் கையை மடித்துக் காட்டினார் — முழங்கை வரை பழைய தீக்காயம். உலையைச் சுட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

ஆமாம், சிரித்தார்கள்.

வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்தோம். எப்படியோ கேட்டுவிட்டேன். "அன்னிக்கு என்ன ஆச்சுண்ணா?"

"என்னிக்கு?"

"கை..."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"யாருமே கேக்கலியா... அதான் பாக்க ஒரு மாதிரி கீது போலன்னு நெனச்சுக்கினு இருந்தேன் பாப்பா."

நாங்களோ, கேட்காமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கேட்டால் வலிக்குமே என்று. யாருக்கு?

சொல்ல ஆரம்பித்தார். அந்த மெஷின், அன்று கூட இருந்தவர், ஆஸ்பத்திரிக்குப் போன ஆட்டோ... எல்லாம் ஒன்றுவிடாமல். ஆளுக்கு மூன்று டீ ஆனது. வெயில் இறங்கிவிட்டது.

பாட்டனில் கோயில்களை நான் சரியாகப் பார்க்கவில்லை. இன்னொரு தடவை போக வேண்டும்.