பின்னால் வரும் நாற்பது அடி

என் அண்ணன் ஜெயவேல் லாரிச் சாவியை எண்ணூர் முகத்துவாரத்தில் வீசி எறிந்துவிட்டான் என்று எனக்குச் சொன்னது நவ்ரீன். ரோட்டர்டாமில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் இருக்கும் ராயபுரத்துப் பெண். அவளுக்குச் சொன்னது அவளுடைய அண்ணன் மஜீது. ராயபுரத்தில் டயர் கடை வைத்திருக்கிறார். மஜீதுக்கு யார் சொன்னது என்று கேட்டேன்.

"டயர் மாத்த வர்ற டிரைவருங்க பேசிக்கிறாங்களாம். இனிமே ஸ்டியரிங்கைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாராமே உங்க அண்ணன்?"

சாவி எந்தத் தண்ணீரிலும் விழவில்லை. ஜெயவேல் சத்தியமும் செய்யவில்லை. அவன் சத்தியம் செய்கிற ஆள் இல்லை. ஆனால் அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால் நவ்ரீனிடம் "அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்ல வாய் வரவில்லை. "பார்க்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

நாங்கள் நெட்டுக்குப்பத்துக்காரர்கள். அப்பா கழிமுகத்தில் வலை போட்டவர். அனல் மின் நிலையத்துச் சாம்பலும் சுடுதண்ணீரும் இறங்கி மீன் குறைந்த வருடங்களில் ஜெயவேலுக்குப் பதினெட்டு வயது. படகுக்கு ஆள் தேவைப்படவில்லை. லாரியில் கிளீனராக ஏறினான். இருபதில் டிரெய்லர் ஓட்டினான். முப்பத்தைந்தில் பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கினான். இருபத்தாறு வருடங்களாக அவன் வாழ்க்கை துறைமுக வாசலில் நிற்கும் வரிசைதான். கண்டெய்னர் ஏற்றிய வண்டிகள் எண்ணூர் சாலையில் மூன்று கிலோமீட்டர் நிற்கும், சில வாரம் ஆறு. இரண்டு நாள் கேபினிலேயே சமையல், தூக்கம். முன்வண்டி பத்தடி நகர்ந்தால் தூக்கத்திலேயே கால் கிளட்சுக்குப் போகும் என்பான்.

பந்தயம் என்ற பைத்தியம் அவனுடையது இல்லை. அண்ணியின் அண்ணன் ராமதாஸ் பிடித்துக்கொண்டு வந்தது. ராமதாசுக்குச் சாத்தங்காட்டில் மெக்கானிக் ஷெட். ஒன்பது வருடங்களுக்கு முன் லாரி உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு பந்தயம் வைத்தார்கள். கம்பெனியிலிருந்து வந்தபடியே வண்டி இருக்க வேண்டும், எஞ்சினைத் தொடக்கூடாது, பின்னால் டிரெய்லர் கிடையாது, முன்னால் இழுக்கும் தலை மட்டும் ஓடும்.

"நம்ம வண்டி கீது, ஓட்ட நீ கீற. இன்னும் இன்னா வோணும் மாப்ள?" என்றார் ராமதாஸ்.

"தூக்கம் வோணும் மச்சான்."

"ஞாயித்துக்கெழம தூங்கி இன்னாத்த கிழிக்கப் போற?"

அப்படி உண்டானதுதான், எங்கள் ஆற்றின் பெயரில், கொசஸ்தலை ரேசிங் டீம். ஆட்கள் மூன்று பேர். ராமதாஸ் மெக்கானிக். ஜெயவேல் டிரைவர். அண்ணி மோகனப்ரியா மற்ற எல்லாம். சனிக்கிழமை டிரெய்லரைக் கழற்றி யார்டில் விட்டுவிட்டு, கேபினுக்குள் இரும்புக் கம்பிக் கூண்டை போல்ட் போட்டு முடுக்குவார்கள். கதவில் 43 என்ற எண்ணை ஒட்டுவார்கள். ஞாயிறு மாலை கூண்டைக் கழற்றி, எண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, திங்கட்கிழமை காலையில் மறுபடி துறைமுக வரிசை. "ஞாயித்துக்கெழம குதுர, திங்கக்கெழம மாடு" என்பார் ராமதாஸ். அவர் சொன்னது வண்டியை. ஆனால் வண்டி ஓட்டுகிறவன் எந்தக் கிழமையும் களைப்பாகத்தான் இருந்தான்.

முதல் இரண்டு வருடமும் கடைசி இடம். வண்டியில் குறை இல்லை. நேர் பாதையில் எல்லோருக்கும் சமமாக வருவான். வளைவில் விட்டுவிடுவான். காரணம், டிரெய்லர் ஓட்டுகிறவன் திரும்புகிற விதம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவன் முதலில் வலப்பக்கம் ஒதுங்குவான், மூலையைத் தாண்டி நன்றாக முன்னே போவான், அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங்கை ஒடிப்பான். தலை சுலபமாகத் திரும்பிவிடும். பின்னால் வரும் நாற்பது அடி அப்படி வராது. அது மூலையை அறுத்துக்கொண்டு உள்பக்கமாக வரும். அந்த நாற்பது அடியைக் கண்ணாடியில் பார்த்து ஓட்ட முடியாது. முதுகில்தான் சுமக்க வேண்டும். பந்தயத்திலோ மூலையை உரசிக்கொண்டு போகிறவன்தான் ஜெயிப்பான்.

"இன்னா மாப்ள, பொட்டியோட வந்துட்டியா? யார் வூட்டுக்கு டெலிவரி?" என்று ராமதாஸ் ஒவ்வொரு சுற்றுக்கும் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கத்துவார். கண்டெய்னரைத்தான் பொட்டி என்பார்கள்.

அதைத் தீர்த்தது அண்ணி. அவள் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட்டில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க வாக்கிடாக்கியில் டிரைவர்களை விரட்டும் குரல். தலையில் மாட்டிப் பேசும் கருவி ஒரு ஜோடி இருந்தால் நன்றாயிருக்கும் என்று என்னிடம் கேட்டாள். இங்கே துறைமுகத்துப் பழைய சாமான் விற்பனையில் நான்தான் வாங்கி அனுப்பினேன். மூன்றாம் வருடத்திலிருந்து ஒவ்வொரு வளைவிலும் அவன் காதில் இரண்டே சொல்.

"பொட்டி இல்ல."

அவ்வளவுதான். சுற்றுக்கு ஒன்பது வளைவு, பத்துச் சுற்று, தொண்ணூறு தடவை. பொட்டி இல்ல, பொட்டி இல்ல. சில சமயம் கோபம் வந்தால், "யோவ், பொட்டி இல்லன்னு சொல்லிகினே கீறேன்ல, எங்கய்யா போற?" நான்காம் வருடம் ஐந்தாவதாக வந்தார்கள். ஆறாம் வருடம் இரண்டாவது. போன வருடம் முதல் இடம். திருவொற்றியூரில் ராமதாஸ் வைத்த பேனரில் ஜெயவேல் கண்ணை மூடியபடி இருக்கிறான். இருந்ததிலேயே நல்ல படம் அதுதானாம்.

இந்த வருடம் மாசி மாதம், சில மாதம் கழித்து வரும் பந்தயத்துக்காக நான்கு நாள் பயிற்சி கொடுத்தார்கள். நான்கு நாளும் ஓட்டிவிட்டு வெள்ளிக்கிழமை காலையில் பெட்டியை மாட்டிக்கொண்டு மணலியிலிருந்து கிளம்பினான். சாத்தங்காட்டு இடப்பக்கத் திருப்பம். ஆயிரம் தடவை திரும்பிய இடம். தலை அழகாகத் திரும்பியது. பின்னால் வந்த நாற்பது அடி மூலையில் ஏறி, அங்கே கடை போட்டிருந்த சொக்கம்மாளின் இட்லி வண்டியைச் சரித்து, அந்த அம்மாளின் இடது காலைத் தொடையில் முறித்தது. இருபத்தாறு வருடத்தில் அவன் கைபட்டு ஒரு மனிதருக்கு வந்த முதல் காயம்.

வழக்கு, மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். ரோட்டில் பள்ளம் என்றார்கள். இட்லி வண்டி ரோட்டுக்கு வந்துவிட்டது என்றார்கள். ஜெயவேல் எதற்கும் தலையாட்டவில்லை. மூன்று வாரம் கழித்து என்னிடம் போனில் சொன்னான்.

"ப்ரியா கொரல் கேட்டுச்சுடா. காதுல மெஷினு கூட இல்ல. பொட்டி இல்லன்னு சொன்னா. திருப்பிட்டேன்."

அந்தக் கருவியை அட்டைப்பெட்டியில் போட்டுப் பஞ்சு வைத்து ஒட்டியது என் கை.

இதை அவன் அண்ணியிடம் சொல்லவில்லை. சொக்கம்மாளிடம் சொல்லியிருக்கிறான். வாரா வாரம் அவள் வீட்டுக்குப் போய்க் கட்டிலருகே உட்கார்ந்திருப்பான். "உனுக்கு வேற வேல இல்லியா நைனா? என் காலையே பாத்துகினு குந்திகினு கீற. அதுக்கு இன்னா, முளைக்கவா போவுது?" என்று திட்டுவாளாம். காரணத்தைச் சொன்னதும் அவள் சிரித்துவிட்டாள். "பொண்டாட்டி பேச்ச ரோட்டுலயும் கேட்டியா? நல்ல ஆம்பள."

சிரிப்பு தெருவைச் சுற்றி இரண்டு நாளில் அண்ணியிடம் வந்து சேர்ந்தது. அண்ணி கருவி இரண்டையும் துணியில் சுற்றி ராமதாசின் ஷெட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, இந்த வருடப் பந்தயத்திலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னாள். ராமதாஸ் சண்டை போடவில்லை. "ஒம்போது வருசம்மா" என்றாராம். அதற்குமேல் அவருக்கும் தெம்பில்லை.

டீம் அதோடு முடிந்தது. ஜெயவேலின் பாடு முடியவில்லை. அவனுக்கு வேறு தொழில் தெரியாது. மூன்று மாதமும் காசிமேட்டிலிருந்து வந்த டென்னிஸ் என்ற பையன் அவனுக்குப் பதிலாக, ஆக்டிங் டிரைவராக, வண்டியை ஓட்டினான். லைசென்ஸ் போன வியாழன் கைக்கு வந்தது. சனிக்கிழமை காலை சடையங்குப்பத்துப் பக்கம் காலி மைதானத்தில் வெறும் பெட்டியை மாட்டி, மூலைக்கு ஒரு டிரம் நிறுத்தி, அவனே தன்னைச் சோதித்துக்கொண்டான். ராமதாஸ் அதை எனக்கு வீடியோ காலில் காட்டினார். அண்ணி தூரத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல் நின்றாள்.

பன்னிரண்டு தடவை திருப்பினான். இரண்டு தடவை டிரம் விழுந்தது.

"பன்னெண்டுல ரெண்டு மாப்ள. மூணு மாசம் தொடாத கை. சரியாப்பூடும்" என்றார் ராமதாஸ்.

ஜெயவேல் இறங்கி வந்து டிரம்மை நிமிர்த்தினான். அதன்மேல் கை வைத்துக்கொண்டு கேட்டான். "அந்த ரெண்டுல எவன் நின்னுகினு இருப்பான் மச்சான்?"

பிறகு போனை வாங்கி என்னிடம் பேசினான்.

"திங்கக்கெழம காட்டுப்பள்ளி ஹார்பருக்கு லோடு. அதே திருப்பம். நான் ஏறவா, டென்னிஸையே ஓட்டச் சொல்லவா? நீ படிச்சவன், சொல்லு."

"யோசிச்சுச் சொல்றேன்ணா."

"யோசி, யோசி. நீ எப்பவும் யோசிச்சுகினேதான் கீற."

சனியும் ஞாயிறும் யோசித்தேன். ஏறாதே என்றால் நாற்பத்தாறு வயதில் அவனை வீட்டில் உட்கார வைக்கிறேன். ஏறு என்றால் அந்த மூலையில் யார் நிற்பார்கள் என்று எனக்கும் தெரியாது. கடைசியில் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: ஒரு மாதம் டென்னிஸ் ஓட்டட்டும், நீ உன் வண்டியிலேயே கிளீனராக இடப்பக்கம் உட்கார், திருப்பத்துக்குத் திருப்பம் பின்னால் வருவதைப் பார், நாற்பது அடி முதுகுக்குத் திரும்பி வரும்வரை. இதைக் கேட்டால் அவனுக்கு அவமானமாக இருக்கும். இருந்தாலும் சொல்லிவிடத் துணிந்தேன்.

இன்று காலை எழுந்ததும் அழைத்தேன். அங்கே நேரம் பத்தரையைத் தாண்டியிருந்தது. எடுக்கவில்லை. டென்னிஸின் போன் அணைந்திருந்தது. அண்ணியை அழைத்தேன். அவள் எடுத்தாள்.

"உங்க யார்டு கேட்டு வழியாத்தானே வண்டி வெளிய போயிருக்கும் அண்ணி, யார் ஓட்டினாங்க?"

"நான் இன்னிக்கு லீவு. அந்த வண்டிக்கு என் கையால பாஸ் எழுதமாட்டேன்."

"அவன் உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா?"

"சட்டயப் போட்டுகினு ஆறு மணிக்கே போய்ட்டாரு. ஓட்டப் போறாரா, டென்னிஸ்கிட்ட உட்டுட்டு வரப் போறாரான்னு நான் கேக்கல. கேட்டா எதுனா சொல்லணும். நான் சொன்ன வரிக்கும் போதும்." அவள் பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "நீ போட்டுப் பாரு. உனுக்காவது எடுக்கறாரான்னு."

ஓட்டும்போது அவன் போனை எடுக்கமாட்டான். டென்னிஸ் ஓட்ட, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாலும் எடுக்கமாட்டான். சாத்தங்காட்டிலிருந்து காட்டுப்பள்ளிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வரிசை நின்றால் எந்தக் கணக்கும் உதவாது. சொல்ல வேண்டியதை ஒரு தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, மறுபடி அவன் எண்ணை அழுத்தினேன்.

மணி அடித்துக்கொண்டிருக்கிறது.